உறவுமுறை: மகள்

12 ஏப்ரல் 2024, வெள்ளி

விடியற்காலை மூன்று மணிக்கு அம்மா என் தோளைத் தட்டினாள். முந்தைய நாள் மதியத்திலிருந்து சிறுநீர் இறங்கவில்லை. அடிவயிறு பானையைக் கவிழ்த்ததுபோல் இருந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம்.

சேர்க்கைப் படிவத்தில் ‘நோயாளிக்கு உறவுமுறை’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘மகள்’ என்று எழுதினேன். எழுத்தர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், இரண்டு ஆதார் அட்டைகளையும் பார்த்தார்.

“சொந்த மகளா?”

“எங்கள் திருநங்கையர் ஜமாத்தில் எல்லோர் முன்னாலும் எடுத்துக்கொண்ட மகள். பதினெட்டு வருடம் ஆகிறது.”

நான் எழுதியதை அடித்துவிட்டு ‘உடன் இருப்பவர்’ என்று எழுதினார். அப்புறம் ஆண்கள் வார்டா, பெண்கள் வார்டா என்று அரை மணி நேரம் பேசினார்கள். அம்மா வலியில் போட்ட சத்தத்தில்தான் அந்தப் பட்டிமன்றம் முடிந்தது. பெண்கள் வார்டில் சுவரோரக் கட்டில் கிடைத்தது.

செவிலியர் மூன்று முறை முயன்றும் குழாய் உள்ளே போகவில்லை. அம்மா 1978-ல் நிர்வாணம் ஆனவள்; அறுக்கத் தெரிந்த மூத்த திருநங்கையான தாயம்மா ஆணுறுப்பை நீக்கினாள். மயக்க மருந்து கிடையாது, தையல் கிடையாது. அந்தத் தழும்பு வருடக்கணக்கில் சுருங்கி வழியையே அடைத்துவிட்டிருந்தது. நல்லவேளையாக ஓர் இளம் மருத்துவர் முகம் சுளிக்காமல் பார்த்தார். அடிவயிற்றில் சிறு துளையிட்டு மூத்திரப்பைக்குள் நேராகக் குழாய் வைத்தார். பை நிறைய நிறைய அம்மாவின் முகத்தில் வலி இறங்கியது. நிர்வாணம் ஆனவர்களுக்கும் ப்ராஸ்டேட் சுரப்பி உள்ளே அப்படியே இருக்கும், வயதானால் அதையும் பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அவ்வளவு வலியிலும் அம்மா கேட்டாள்: “இத்தனை பாடுபட்ட பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறதா?”

14 ஏப்ரல், ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி மட்டும் செய்தேன்.

கொதித்து ஆறிய நீரால் குழாயைச் சுற்றித் துடைக்க வேண்டும், பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே வைக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். முதல் இரண்டும் என் கையில் இருக்கின்றன. மூன்றாவதில்தான் சண்டை. வாழ்நாள் முழுக்கக் கடை கேட்க, கடைகடையாய்க் காசு வாங்க, போனவள். பகலில் ஒதுங்க இடம் கிடையாது, எந்தக் கழிப்பறைக்குள் போனாலும் ஒரு வம்பு. தண்ணீரே குடிக்காமல் பழகிய உடம்பு அது. “இனி எழுந்து போகவே வேண்டாமே, குடியம்மா” என்றால் சொம்பை வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறாள்.

நான் சேலாவாக, அதாவது சிஷ்யையாக, எடுத்த பெண் மாலையில் எங்களைப் பார்க்க வருவதாகச் சொன்னாள். அம்மா உடனே இடுக்கியையும் கைக்கண்ணாடியையும் கேட்டாள். கை நடுங்குவதால் இப்போது நான்தான் முகத்து முடியைப் பிடுங்குகிறேன். தாடைக்கடியில் வெள்ளை முடிகள் வெளிச்சத்தில் தெரியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தோலை இழுத்துப் பிடித்து ஒவ்வொன்றாக எடுத்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் ஒருவர் ‘சவரம் செய்துவிடட்டுமா?’ என்று அன்பாகத்தான் கேட்டார். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

(‘சொன்னாள்’ என்று எழுதுகிறாயே, மரியாதை வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: அம்மாவுக்கு ‘சொன்னார்’ பிடிக்காது. அந்த ‘ள்’ வாங்கத்தானே இவ்வளவு பாடும் என்பாள்.)

15 ஏப்ரல், திங்கள்

திருநங்கையர் தினம். 2008-ல் நல வாரியம் வந்ததும் இதே தேதியில், 2014-ல் எங்களை மூன்றாம் பாலினமாக ஏற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் இதே தேதியில். காலையிலிருந்து கைப்பேசியில் வாழ்த்துகள். எல்லாமே படிப்பு, வேலை, சுயதொழில். எழுபதை நெருங்குகிறவள் எங்கே போவாள் என்ற பேச்சு ஒன்றிலும் இல்லை.

குறை மட்டும் சொல்லக் கூடாது. நாற்பது வயதைக் கடந்த ஆதரவற்ற திருநங்கையருக்கு மாத உதவித்தொகை இருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து 1000 ரூபாய் 1500 ஆனது. பஞ்சு, பை, ஆட்டோ என்று இருபதாம் தேதிக்குள் அது கரைந்துவிடுகிறது. மீதி என் தையல் இயந்திரம்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் பிள்ளைகள் என்றால் மகன், மகள், பேரன், பேத்தி. பிள்ளை இல்லாதவர்களுக்குச் சொத்தில் வாரிசாக வரக்கூடிய உறவினர். ஆக, சட்டக் கணக்கில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் அவள் கண்ணால் கண்டிராத தம்பி மகன். நானியை, தன் குருவை, ஆறு வருடம் படுக்கையில் வைத்துக் கழுவியவள் இதே அம்மாதான். அதுவும் எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை.

19 ஏப்ரல், வெள்ளி

வாக்குப்பதிவு. வீட்டிலிருந்தே வாக்களிக்க 85 வயது ஆக வேண்டும், அம்மாவுக்கு 68. போயே தீருவேன் என்றாள். சிறுநீர்ப் பையை மஞ்சப்பைக்குள் போட்டு முழங்காலுக்குக் கீழே தொங்கவிட்டு நான் பிடித்துக்கொண்டேன். வாசலில் காவலுக்கு நின்ற பெண், “பையில் என்ன?” என்றார். “திறந்து காட்டட்டுமா?” என்றாள் அம்மா. நான் காதில் விஷயத்தைச் சொன்னதும் அவரே பெண்கள் வரிசையில் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

23 ஏப்ரல், செவ்வாய்

இன்று கூவாகத்தில் நாங்கள் அரவானுக்கு மனைவியாகத் தாலி கட்டிக்கொள்ளும் நாள். இருபத்திரண்டு வயதிலிருந்து கொரோனா வருடங்கள் தவிர அம்மா ஒரு வருடமும் தவறியதில்லை. எல்லோரும் போய்விட்டார்கள், நான் மட்டும் இங்கே. வெயில் மண்டையைப் பிளக்கிறது.

மதியம் ஒரு போன். வருடா வருடம் கூவாகத்தில் எங்கள் அறையில் சேலை கட்டிக்கொள்ளும் பெரியவர். அரசு வேலையில் ஓய்வு பெற்றவர். பேரன் பேத்தி எடுத்தாயிற்று. இரண்டு நாள் சேலை, மீதி நாளெல்லாம் வேட்டி. அவருடைய அரக்குப் பட்டு எங்கள் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. முழங்கால் போய்விட்டதாம், மருமகள்தான் குளிப்பாட்டி உடுத்திவிடுகிறாளாம். குரலைத் தாழ்த்தி, “அதை யாருக்கும் கொடுத்துவிடாதே” என்றார். அம்மா என்னிடம் பட்டை எடுத்து உதறி மடிப்பு மாற்றி வைக்கச் சொன்னாள். மடிப்பில் இற்றுப்போகுமாம். வெகுநேரம் கழித்து, “அவருக்குக் குளிப்பாட்ட ஆள் இருக்கிறது, பாவம்” என்றாள். அந்தப் ‘பாவம்’ எனக்கு இரவு வரை தீரவில்லை.

24 ஏப்ரல், புதன்

அரவான் பலியாகும் பந்தலடிக்குத் தேர் போகும் நேரத்துக்கு அம்மா கையை நீட்டினாள். கட்டிலின் இரும்புக் காலில் தட்டி வளையல்களை உடைத்தேன். ஒப்பாரி வைத்தாள். முழுதாக, அடி விடாமல். வெள்ளைச் சேலை மட்டும் வேண்டாமாம். “குழாய் கசிந்தால் கறை தெரியும்.”

27 ஏப்ரல், சனி

தெரிந்த வக்கீல் வந்தார், உயில் எழுத. ஒன்றரை சென்ட் வீடு, மூன்று சவரன். ‘சேலா’ என்றெல்லாம் எழுத வேண்டாம், பெயரையும் முகவரியையும் தெளிவாகப் போட்டால் போதும், இரண்டு சாட்சிகள் கையெழுத்து வேண்டும் என்றார்.

வீட்டை இரண்டு வரியில் முடித்துவிட்டாள் அம்மா. அடுத்ததாக, “நான் செத்தால் யார் வந்து கேட்டாலும் வேட்டி கட்டக் கூடாது. குளிப்பாட்டுவதற்கு முன்னால் இவள் என் முகத்தைப் பார்க்க வேண்டும். இடுக்கி மாடத்தில் இருக்கிறது” என்றாள்.

“இதெல்லாம் உயிலில் வராதம்மா.”

“எழுதுங்கள்.”

எழுதினார். ‘இடுக்கி’ என்று எழுதியதும் நிமிர்ந்து, எந்த மாடம் என்று கேட்டார்.