மாஸ்டருக்கு ஓய்வூதியம் வாங்கிய கதை

போன வாரம் மாஸ்டரின் வங்கிக் கணக்கில் 6,000 ரூபாய் ஏறிவிட்டது. நலிந்த நிலையில் இருக்கும் முன்னாள் விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தரும் மாத ஓய்வூதியம் அது. அவரிடம் கூடைப்பந்து பழகிய நாங்கள் சிலர் சேர்ந்து விண்ணப்பித்தோம். கொங்குப் பக்கம் அவரைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள், அவர்களுடைய பிள்ளைகளும் மாணவர்களும் எங்களைப் போல அலையக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் ஆதங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் திட்டம் ஜெயித்தவர்களுக்கானது. தேசிய அல்லது சர்வதேசப் போட்டியில் முதல் மூன்று இடங்களில் ஒன்றைப் பிடித்திருக்க வேண்டும், 58 வயது முடிந்திருக்க வேண்டும், மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாஸ்டர் செய்த வேலையோ வேறு. பஞ்சாலையில் ஷிப்ட் முடிந்ததும் நேராக மைதானத்துக்கு வருவார். செம்மண் தரைக்குத் தண்ணீர் தெளித்து, ரோலர் இழுத்து, சுண்ணாம்பில் கோடு போடுவார். லேத் பட்டறையில் சொல்லி அடித்த வளையத்தைப் பத்தடி உயரத்தில் மாட்டியவர் அவர்தான். எங்களிடம் ஒரு பைசா வாங்கியதில்லை. கோவையில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை, கரூரில் எல்.ஆர்.ஜி. நாயுடு கோப்பை என்று எங்கே ஆட்டம் நடந்தாலும் சொந்தச் செலவில் பஸ் ஏறிப்போய் ஸ்கோர் மேசையில் உட்கார்ந்துவிடுவார். பந்து கைக்கு வந்த அணி இத்தனை விநாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும் என்று ஒரு விதி உண்டு. 2000-ல் அது 24 விநாடியாக மாறுவதற்கு முன்பு, 30 விநாடிக் கணக்கைக் கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்த ஆள். இதையெல்லாம் எழுத விண்ணப்பத்தில் ஓர் இடம்கூட இல்லை. கல்லூரிக் காலத்தில், அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் அணியோடு அவர் வாங்கிய மூன்றாமிடம் ஒன்றுதான் தகுதியாக நின்றது.

ஆன்லைனில் விண்ணப்பத்தை நிரப்பியது அரைமணி நேர வேலை. சான்றிதழில்தான் சிக்கல் ஆரம்பித்தது.

கோவைக் கல்லூரிகள் அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. பாரதியார் பல்கலைக்கழகம் 1982-ல்தான் வந்தது. மாஸ்டரின் சான்றிதழில் இருப்பது 'இன்டர்-யுனிவர்சிட்டி போர்டு' முத்திரை. சரிபார்த்த ஊழியர் அதைப் பார்த்ததும், "இந்தப் பேருல ஒரு அமைப்பு எங்க லிஸ்ட்லயே இல்லீங்க" என்று கோப்பை மூடிவிட்டார். விளக்கம் சொல்லவும் விடவில்லை. மாஸ்டர் எழுந்து நின்று, "சரிங்க சார்" என்று கும்பிட்டுவிட்டு வந்தார். எழுபது வயது தாண்டிய மனிதர். எனக்கு இன்னும் ஆறவில்லை.

விஷயம் இவ்வளவுதான்: 1925-ல் தொடங்கிய அந்த போர்டுதான் 1973-ல் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் என்று பெயர் மாறியது. அந்தச் சங்கம் தன் வரலாற்றைச் சொல்லும் பக்கத்தை அச்செடுத்து, ஒரு விளக்கக் கடிதமும் சேர்த்து மறுபடி போனோம். இந்த முறை நேராக மேலதிகாரியைப் பார்த்தோம். அவர் ஐந்து நிமிடம் நிதானமாகப் படித்துவிட்டு, "இது செல்லும்" என்று குறிப்பு எழுதினார். 1973-க்கு முந்தைய பல்கலைக்கழகச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் இந்தத் தாளை முதலிலேயே இணைத்துவிடுங்கள்.

அடுத்தது பெயர். சான்றிதழில் 'சுவாமி', ஆதாரில் 'சாமி'. நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு இந்தத் தொல்லை உண்டு. பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் கிடைத்ததால் தப்பித்தோம். இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, அந்தப் புத்தகத்தின் நகலோடு கொடுத்தோம். பீரோவைக் குடையும்போது பழைய புத்தகம் எதையும் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிவு செய்தோம். அது கிராம நிர்வாக அலுவலரிடமே நின்றது. விசாரிக்கப் போனால் ஜமாபந்தி என்னும் வருடாந்திரக் கிராமக் கணக்குத் தணிக்கை, எல்லோரும் தாலுகா அலுவலகத்தில் இருந்தார்கள். வேகாத வெயிலில் மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பியதுதான் மிச்சம். அதன்பிறகு விண்ணப்பமே திரும்பி வந்தது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் பெயர் குடும்ப அட்டையில் இருந்ததால், அவர் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். மகன் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போய் வருஷக்கணக்காகிறது. அவர் பெயரை அட்டையிலிருந்து நீக்கி, புதிதாக விண்ணப்பித்த பிறகே சான்று கையெழுத்தானது. ஓய்வூதியத்துக்கு விண்ணப்பம் கேட்டு அறிவிப்பு வந்த பிறகு இதை ஆரம்பித்தால் கடைசித் தேதி ஓடிவிடும். முன்கூட்டியே அட்டையைச் சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் மாஸ்டர், "உடு கண்ணு, அலைஞ்சது போதும். நமக்கெதுக்கு அந்தக் காசு" என்றார். அவர் மருந்துக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று எங்களுக்குத் தெரியும். விடவில்லை.

இன்னொன்று. முதியோருக்கான போட்டிகளில் வாங்கிய பரிசுகள் இந்தத் திட்டத்துக்குக் கணக்கில்லை. மாஸ்டர் அப்படி வாங்கிய சான்றிதழ்களையும் கோப்பில் வைக்கச் சொல்லி அவருடைய நண்பர் ஆசையோடு சொன்னார். வைக்கவில்லை, நல்லதாயிற்று. எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவருடைய கோப்பு அதனால்தான் குழம்பிப்போய், உண்மையான தேசியச் சான்றிதழையும் சந்தேகமாகப் பார்த்தார்கள். அரசு ஓய்வூதியம் ஏற்கெனவே வாங்குகிறவர்களுக்கும் இது கிடையாது. அப்புறம், பழைய சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். அசலைக் கேட்டபோது மாஸ்டருடையதில் முத்திரையின் மேட்டைத் தடவிப் பார்த்தார்கள்.

உத்தரவு வந்த அன்று மைதானத்தில் பிள்ளைகள் பயிற்சியில் இருந்தார்கள். மாஸ்டர் கடிதத்தை வாங்கி ஒருமுறை படித்தார், சட்டைப்பையில் வைத்தார், ஓடிவந்து வளையத்தருகே எழும்பிப் பந்தைப் போடும் லே-அப்பைத் தப்பாகப் போட்ட ஒரு பையனைக் கூப்பிட்டு எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என்று காட்டப் போய்விட்டார். எங்களுக்குத்தான் கண் கலங்கியது.

இப்போது தாராபுரம் பக்கம் ஓர் அக்காவுக்காக அலைகிறோம். மாநில அணிக்கு ஆடித் தேசியப் போட்டியில் பதக்கம் வாங்கியவர், அதன்பிறகு பல வருஷம் பள்ளிப் பெண்களுக்குச் சும்மாவே சொல்லிக்கொடுத்தவர். சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவருடையது. உறுதிமொழிப் பத்திரம் தயாராகிவிட்டது. வருமானச் சான்று மட்டும் நிற்கிறது, திங்கட்கிழமை போய்க் கேட்கப் போகிறோம்.