கறுப்புப் பசையும் பாசி பிடித்த கூரையும்

ஹட்டனில் நாங்கள் இருக்கும் வீடு எழுபதுகளில் கட்டியது. முன் அறைத் தரையில் ஒன்பது அங்குலச் சதுர வினைல் ஓடுகள். ஈரம் ஏறி மூலையில் சில தூக்கிக்கொண்டன. தங்கச்சியின் கல்யாணத்துக்கு முன்னால் டைல்ஸ் பதித்துவிடலாம் என்று மேசன் பாஸைக் கூப்பிட்டோம்.

உளியை வைத்துத் தட்டியதும் இரண்டு ஓடுகள் பிஸ்கட் மாதிரி நொறுங்கின. அடியில் தார் போலக் கறுப்புப் பசை, சீப்பால் வாரியதுபோல் வரிவரியாக. "இதுக்கு மேல டைல்ஸ் பிடிக்காது தம்பி. நாளைக்கு கிரைண்டர் கொண்டாறேன்" என்றார்.

டொரொண்டோவில் வீடு திருத்தும் வேலை செய்கிற மச்சானுக்குப் படம் அனுப்பினேன், டைல்ஸ் நிறம் கேட்கத்தான். உடனே கோல் வந்தது. "கிரைண்டரைப் போட விடாதே!" அங்கே எண்பதுகளுக்கு முந்திய வீடு என்றால் இந்த வினைல் ஓடுகளையும் கறுப்புப் பசையையும் சோதிக்காமல் தொடமாட்டார்களாம், இரண்டிலுமே அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கலாம். ஒட்டிக் கிடக்கும்வரை தொல்லையில்லை. அரைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார்கள் தூசியாகி நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வுகூடத்தில் நுண்ணோக்கியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கொழும்புக்கு மூன்று இடங்களுக்குக் கோல் எடுத்தேன். ஓரிடத்தில் தண்ணீர் மட்டும்தான் சோதிப்பார்களாம். இன்னொன்றில் இரண்டு முறை மாற்றிவிட்டு லைன் கட். மூன்றாவதில் "கூரை சீட்டா?" என்று கேட்டவர், தரைப் பசை என்றதும் சிரித்துவிட்டார். சரி, இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தேன்.

அம்மா அதற்குள் விளக்குமாற்றோடு வந்துவிட்டார். பிடுங்கி வைத்தேன். பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் கலந்த தண்ணீரைத் தெளித்து, கையுறை போட்டு, துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இரட்டைப் பொலித்தீன் பையில் கட்டினேன். தரையை ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் பைக்குள் போட்டாயிற்று. பையை யாரிடம் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. இன்னும் பின்பக்க அறையில் கிடக்கிறது.

பாஸுக்குக் கோபம். "நாப்பது வருசமா இதெல்லாம் ஒடச்சிருக்கேன், எனக்கு என்ன ஆச்சு?" இந்தத் தூசியால் வரும் நோய் தலைகாட்டவே அத்தனை வருசம் பிடிக்கலாம் என்று மச்சான் சொல்லியிருந்தான். அதை அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? பேசாமல் இருந்தேன். அவர் கையை மேலே காட்டி, "அப்ப இது?" என்றார்.

கூரை முழுக்க அஸ்பெஸ்டஸ் சீட். இலங்கையில் நீல வகை அஸ்பெஸ்டஸை 1987இலேயே தடை செய்தாயிற்று, வெள்ளை வகை தொடர்ந்து வந்தது. 2018 ஜனவரியிலிருந்து அதையும் கட்டுப்படுத்தப்போனார்கள். 2017 டிசம்பரில் பெட்டியில் வண்டு இருந்தது என்று ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்பதும் அதே ரஷ்யாதான். அரசாங்கம் பின்வாங்கியது, தேயிலை மறுபடி போனது. கொழுந்து பறிக்கிற ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கடைசியில் பழைய ஓடுகளைப் பெயர்க்காமல், அதன்மேலேயே தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் பசையில்லாமல் போட்டோம். பாஸ் சமையலறைக்கு டைல்ஸ் பதித்துச் சமாதானமானார்.

மழை விட்டதும் அப்பா வருசா வருசம் கூரையேறிக் கம்பி பிரஷ்ஷால் பாசியைத் தேய்ப்பார். இந்த முறை பிரஷ்ஷை விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். போன வாரம் புதிதாக ஒன்று வாங்கி வந்திருக்கிறார்.