அக்குளில் ஒரு டயமண்ட் துண்டு

கையையும் உடம்பையும் சேர்த்து ஒரே துண்டாக வெட்டுகிற உடுப்புப் பேட்டர்ன் அது. ஆர்ம்ஹோல் (கை பொருத்தும் வளைவு) கிடையாது, கை ஏற்றும் வேலையும் இல்லை. முன்பக்கம், பின்பக்கம், அக்குளுக்கு ஒன்றாக இரண்டு சின்ன டயமண்ட் வடிவத் துணித் துண்டுகள், அவ்வளவுதான். சுலபம் என்றுதான் எடுத்தேன்.

முதலில் காடாத் துணியில் டயமண்ட் இல்லாமலே தைத்துப் போட்டுப் பார்த்தேன். கையைத் தூக்கியதும் உடுப்பின் இடுப்பு விலா வரை ஏறிவிட்டது. இந்த மாதிரி வெட்டில் இடுப்பிலிருந்து முழங்கை வரை அடிப்பக்கத்து நீளம் குறைவு. கை உயரும்போது அந்த நீளத்தைக் கொடுக்கத்தான் டயமண்ட் என்று அப்போதுதான் புரிந்தது.

அதை வைக்க அக்குளிலிருந்து உள்நோக்கி, முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்று என்று துணியைக் கீற வேண்டும். கீறலின் வாயில் தையலுக்கு 1 செ.மீ. துணி இருக்கும், போகப் போகக் குறைந்து முனையில் ஒன்றுமே இருக்காது. டயமண்டிலோ சுற்றிலும் 1 செ.மீ. ஆகவே ஓரத்தோடு ஓரம் வைத்தால் சரிவராது, தையல் கோடுகள்தான் பொருந்த வேண்டும். நான் ஓரத்தை ஓரத்தோடு வைத்துத் தைத்தேன். முனையில் சுருக்கம் விழுந்தது. பிரித்தபோது இழையும் பிரிந்து ஓட்டையாகிவிட்டது. காடாவில் நடந்ததால் பிழைத்தேன்.

நல்ல துணியில் கீறுவதற்கு முன்பே, ஒவ்வொரு முனையிலும் நல்ல பக்கத்தில் 5 செ.மீ. சதுர ஆர்கன்சாவை (மெல்லிய, விறைப்பான துணி) வைத்து, 1.5 மி.மீ. தையலில் கோட்டின் மேலேயே முனைவரை போய், முனையில் குறுக்கே ஒரே ஒரு தையல் போட்டு, மறுபக்கம் இறங்கினேன். அந்த ஒரு தையலை விடக் கூடாது. அது இருந்தால்தான் திருப்பும்போது முனை இழுக்காமல் படியும். பிறகு இரண்டு தையலுக்கும் நடுவே, நூலை வெட்டாமல் முனைவரை கீறி, ஆர்கன்சாவை உள்ளே திருப்பி இஸ்திரி போட்டேன். இல்லாத ஓரம் இப்போது கிடைத்துவிட்டது!

பக்கத் தையலையும் கையின் அடித்தையலையும் கீறல்வரை முடித்துவிட்டு, டயமண்டைக் கையால் ஓட்டுத்தையலில் பிடித்தேன். மெஷினில் ஒரே சுற்றாகப் போகாமல், ஒவ்வொரு பக்கத்தையும் முனையில் தொடங்கி வெளிப்பக்கமாகத் தைத்தேன். கீறிய துணி மேலே தெரியும்படி வைத்துக்கொண்டதால் ஊசி எங்கே இறங்குகிறது என்று பார்க்க முடிந்தது. நான்கு முனைக்கே ஒரு மாலை முழுதும் போனது.

போட்டுக்கொண்டு இரு கைகளையும் தூக்கினேன். இடுப்பு அசையவில்லை. நான்காவது முனையில் மட்டும் மெல்லிய சுருக்கம் ஒன்று இருக்கிறது. பிரிக்கவில்லை, அங்கே இன்னொரு முறை ஊசி இறங்கினால் துணி தாங்காது.