கொக்கியும் கட்டிங் பிளேயரும்

டொராண்டோவில் கான்கிரீட்டுக்குக் கம்பி கட்டும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். நிலத்தடி பார்க்கிங் தளத்துக்குக் கம்பி விரித்திருந்தார்கள். நான் இடுப்பிலிருந்து கொக்கியை உருவியதும் ஃபோர்மேன் கையை நீட்டி வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழகா இருக்கு, வீட்ல பத்திரமா வை" என்று சொல்லி, ஒரு கட்டிங் பிளேயரை என் கையில் வைத்தார். அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. அது அப்பாவின் கொக்கி. திருமங்கலத்தில் 28 வருஷம் கம்பி கட்டியவர். அதன் மரப்பிடி அவர் உள்ளங்கைக்குத் தோதாகத் தேய்ந்திருக்கும்.

நம் ஊரில் மெல்லிய கட்டுக்கம்பியைச் சாண் சாணாக வெட்டி, இரண்டாக மடித்துக் கட்டாக வைத்துக்கொள்வோம். குறுக்குக் கம்பிக்கு அடியில் நுழைத்து, மடிப்பில் கொக்கியை மாட்டி ஒரு சுழற்று, முடிந்தது. இங்கே கம்பிச் சுருள் பெல்ட்டில் தொங்குகிறது. ஒரு கையால் இழுத்து அடியில் விட்டு, பிளேயரால் பிடித்து முறுக்கி, அதே பிளேயரால் நறுக்க வேண்டும். முடிச்சுக்கு முடிச்சு பெயர் வேறு: தளத்துக்கு ஸ்நாப் டை, நழுவாமல் இறுக்கிப் பிடிக்க சேடில் டை. மைனஸ் 12 டிகிரியில் கையுறைக்குள் விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. ஒரு மாதம் மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது.

இப்போது பழகிவிட்டது. ஸ்கார்பரோவில் இட்லி மாவு கிடைக்கிறது, பக்கத்திலேயே தமிழ்க் கடைகள், வேறென்ன வேண்டும்? ஆனால் ஈரக் கம்பியின் துரு வாசம் வந்தால் போதும், அப்பா சாப்பாட்டுத் தூக்கோடு சைக்கிளில் வந்து இறங்கிவிடுகிறார்.

பயிற்சி வகுப்பில் முதலில் கம்பியின் அளவுகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். 10எம், 15எம், 20எம். இதில் 15எம் என்பது அளந்தால் 16 மில்லி, நம் ஊர் 16 கம்பிதான். அப்பாவிடம் போனில் சொன்னேன். "15ன்னு சொல்லி 16 தர்றானா? ஒரு மில்லி கொசுறா!" என்று அப்படிச் சிரித்தார்.

இன்னொரு நாள் ரிங் பற்றிய பாடம். தூணைச் சுற்றிப் போடும் ரிங்கின் முனையை 90 டிகிரியில் விடாமல் 135 டிகிரிக்கு உள்ளே மடக்க வேண்டும். நிலநடுக்கத்தில் மேல் கான்கிரீட் உதிர்ந்தாலும் ரிங் விரியாமல் உள்ளே இருக்கும் கம்பிகளைப் பிடித்துக்கொள்ளும். ஆசிரியர் படம் போட்டு விளக்க, எனக்குக் காதில் விழுந்தது வேறு குரல்: "வாயை உள்ள மடக்குடா. வெளிய விட்டா ஒரு நாள் பொளந்துரும்." பள்ளி விடுமுறையில் சைட்டுக்குப் போனபோது அப்பா சொன்னது. அவருக்கு டிகிரிக் கணக்கு தெரியாது.

அன்றிலிருந்து ஒரு வருத்தம் என்னை விடவில்லை. நான் பயிற்சியை முடித்து ரெட் சீல் தேர்வில் 70 சதவீதம் வாங்கிவிட்டால், அந்தச் சான்று கனடாவின் மற்ற மாகாணங்களிலும் செல்லும். இங்கே இது தொழில், இதற்குப் படிப்பு உண்டு. இதே வேலையை ஆயுசு முழுக்கச் செய்த அப்பாவிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. "கம்பிக்காரரே" என்று கூப்பிட்டு, சனிக்கிழமை கூலியை எண்ணிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இங்கே ஒன்டாரியோ மாகாணத்தில் 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்பிருந்தால் பெல்ட் மாட்டாமல் விடமாட்டார்கள். நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனைகளில் ஆரஞ்சு நிறத் தொப்பி மாட்டுகிறோம். அப்பாவோ நாலாவது மாடி சென்ட்ரிங் பலகையின் ஓரத்தில் வெறுங்காலோடு குந்தி உட்கார்ந்து கட்டினார். அவர் இடது கெண்டைக்காலில் கம்பி கிழித்த தழும்பு ஒரு விரல் நீளம் இருக்கும். அவர் கைக்கு என்ன குறை? பெல்ட்டும் தொப்பியும் அவருக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

போன ஞாயிறு வீடியோவில் சேடில் டை போட்டுக் காட்டினேன். "போனைக் கிட்ட கொண்டு வா" என்றார். மூன்று தடவை போடச் சொன்னார். அப்புறம் அம்மாவிடம் போனைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, திண்ணையில் இரண்டு துண்டுக் கம்பியைக் குறுக்கே வைத்து, கொக்கியில்லாமல் வெறும் விரலாலேயே சுற்ற ஆரம்பித்தார். "இதுக்கு என்ன பேரு சொன்ன?" என்று கேட்டார்.