நான்காம் பாகம் இல்லாத சிவகாமி

யாழ்ப்பாணத்தில் எங்கள் கல்லூரி நூலகத்தில் கல்கியின் சரித்திர நாவல் சிவகாமியின் சபதம் மூன்று பாகங்கள்தான் இருந்தன. நான்காவதை எங்களுக்கு முன் படித்த அக்காமாரில் ஒருவர் கொண்டுபோய்த் திருப்பித் தரவில்லை என்று ஒரு கதை, 87ஆம் ஆண்டுச் சண்டையில் நூலகத்தின் பின்பக்கக் கூரை போனபோது மழையில் ஊறிப்போய்விட்டது என்று இன்னொரு கதை. எது உண்மையோ, 90க்கும் 95க்கும் இடையில் அங்கே படித்த எங்களுக்குக் கதாநாயகி சிவகாமி எதிரியின் தலைநகரான வாதாபியிலேயே நின்றுவிட்டாள். எங்கள் பழைய மாணவிகளின் மலர்க்குழுவினர் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். இல்ல விளையாட்டுப் போட்டியையும் பரிசளிப்பு விழாவையும் மற்றவர்கள் எழுதுவார்கள், நான் கதைப்புத்தகங்களைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் அந்த வருடங்களில் நாங்கள் கூடியிருந்து மனம்விட்டுக் கதைத்தது படிப்பையும் குண்டு போடுகிற பொம்மர் விமானத்தையும் விட்டால் இவற்றைப் பற்றித்தான்.

அந்தக் காலம் எப்படி இருந்தது என்று வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1990 நடுப்பகுதியோடு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் போய்விட்டது. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம், கடதாசி என்று அரசாங்கம் தடைசெய்த பொருட்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. இரவில் எங்களுக்கு ஜாம்போத்தல் விளக்குத்தான். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனைகிற அளவுக்கு மட்டும் எண்ணெய், சைக்கிள் ரியூப் வால்வுக்குள்ளால் இழுத்துவிட்ட திரி. அதன் வெளிச்சம் ஒரு பக்கத்தின் பாதிக்குத்தான் காணும், அதனால் வாசிக்க வாசிக்கப் புத்தகத்தை மேலே தள்ளிக்கொண்டே போகவேண்டும். அந்த எண்ணெய் பாடம் படிக்க என்று அளந்து தரப்படும் எண்ணெய். விஞ்ஞானக் கொப்பிக்குள் கல்கியை வைத்துப் படித்தவர்கள் இதை வாசித்துச் சிரிப்பீர்கள் என்று தெரியும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இலேயே 97,000 புத்தகங்களோடு எரிந்துபோய்விட்டதால் எங்கள் தலைமுறைக்குக் கிடைத்தது பள்ளி நூலகத்தின் சில அலுமாரிகளும், அம்மம்மாமார் சஞ்சிகைகளிலிருந்து தொடர்கதைகளை வெட்டித் தைத்து பைண்ட் பண்ணி வைத்திருந்த கட்டுகளும்தான். அந்தக் கட்டுகளில் அத்தியாயம் முடிகிற இடத்தில் பாதிப் பகிடி ஒன்றும் பல்பொடி விளம்பரம் ஒன்றும் இருக்கும், அதையும் விடாமல் வாசிப்போம்.

கல்கி அந்தக் கதையை 1944இலிருந்து 46 வரை தொடராக எழுதினார். இரண்டாம் பாகத்துக்கு அவர் வைத்த பெயர் காஞ்சி முற்றுகை. தடைக்குள் இருந்து அதை வாசிப்பது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கோட்டைக் கதவுகள் அடைபடுவதும், உள்ளே தானியம் சேர்ப்பதும், எதிரி எப்போது வருவான், எவ்வளவு காலம் நிற்பான் என்று ஊரெல்லாம் கதைப்பதும் எங்களுக்குச் சரித்திரமாகவே படவில்லை. சண்டையை விட, சண்டைக்காகக் காத்திருப்பதைத்தான் கல்கி ஆறுதலாக, இடம் கொடுத்து எழுதியிருக்கிறார் என்பது என் எண்ணம். அந்தக் காத்திருப்புக்குள்தான் காதலும் நடக்கிறது. காஞ்சி அரசர் மகேந்திர பல்லவர் தன் மகன் மாமல்லனை, அதுதான் நரசிம்மவர்மனை, சிவகாமியிடமிருந்து பிரித்துவைக்கப் படாத பாடு படுகிறார், கோட்டைக்கு வெளியே காட்டுக்குள் தகப்பன் ஆயனரின் சிற்ப வீட்டில் அந்தப் பிள்ளை தன் மானோடும் கிளியோடும் அவன் எப்போது வருவான் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு விஷயம். பரஞ்சோதி யார் தெரியுமா என்று சைவநெறி ரீச்சர் ஒருநாள் கேட்டா. எங்களுக்குச் சிறுத்தொண்ட நாயனாரை நன்றாகத் தெரியும், பிள்ளைக்கறி சமைத்தவர், சோதனைக்குக் கட்டாயம் வருபவர். அவர்தான் இந்தக் கதையில் படிக்க என்று காஞ்சிக்கு வந்து முதல் நாளே மதயானை மேல் வேலை எறிகிற அந்தப் பெடியன் என்று ரீச்சர் சொல்லி, பெரியபுராணத்தில் "வாதாவித் தொன்னகரம் துகளாக" என்று சேக்கிழார் பாடிய இடத்தையும் எடுத்துக் காட்டியபோது வகுப்பே அசந்துபோனது. நரசிம்மவர்மன் 642இல் வாதாபியைப் பிடித்ததும் மெய்யாக நடந்தது, பாதாமிப் பாறையில் அவனுடைய கல்வெட்டு இன்றைக்கும் இருக்கிறது. சிவகாமி மட்டும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவள் கல்கியின் கற்பனை. ஆனால் எங்களுக்கு அந்தக் கதையில் ஆகக்கூடிய உயிரோடு இருந்தவள் அவள்தான்.

நாங்கள் திரும்பத் திரும்ப வாசித்து அந்தப் பக்கங்களே தனியாகக் கழன்றுவிட்ட இடம் ஒன்று உண்டு. திருப்பாற்கடல் ஏரி உடைத்து வெள்ளம் வருகிறது, ஆயனரும் சிவகாமியும் அதில் அகப்படுகிறார்கள், மாமல்லன் வந்து காப்பாற்றுகிறான், எல்லோரும் மண்டபப்பட்டுக் கிராமத்தில் கரை ஒதுங்குகிறார்கள். அங்கே சில நாட்கள் அரசகுமாரனும் இல்லை, சிற்பியின் மகளும் இல்லை, சுற்றிவரத் தண்ணீர், தூரத்தில் யுத்தம், நடுவில் இரண்டு பேர் நிலவில் இருந்து கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். கதை முழுவதிலும் அவர்கள் உண்மையாகச் சந்தோஷமாக இருப்பது அந்த இடத்தில்தான், அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தது வெள்ளம். ஆபத்து இல்லையென்றால் மகேந்திரரின் மகன் அவளோடு ஒரு கிராமத்துத் திண்ணையில் இருந்திருக்கவே முடியாது. இது எங்களுக்கு நன்றாக விளங்கியது. சாதாரண காலத்தில் ஒரு பெடியனோடு ஒழுங்கையில் நின்று கதைத்தால் அன்று பின்னேரமே வீட்டுக்குச் செய்தி போய்விடும். ஹெலிகொப்டர் வந்து சுற்றத் தொடங்கிவிட்டால் எந்த வீட்டுப் பதுங்குகுழியும், நாங்கள் பங்கர் என்போம், எல்லோருக்கும் பொது, யார் யாருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்கள் என்று அந்த நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை. எங்கள் வகுப்பில் குறைந்தது ஒரு கல்யாணமாவது பங்கருக்குள் தொடங்கியது. பெயர் சொல்லமாட்டேன், இந்த மலர் அவர்கள் வீட்டுக்கும் போகிறது.

மூன்றாம் பாகத்தின் பெயர் பிக்ஷுவின் காதல். வாதாபி அரசன் புலிகேசியின் சகோதரனான பிக்ஷு நாகநந்திக்குச் சிவகாமி மேல் இருந்த அந்த வெறி பிடித்த ஆசையை வாசிக்கப் பயமாக இருக்கும், ஆனாலும் விட முடியாது. ஒரு கலைக்காக, ஒரு பெண்ணுக்காகத் தன் துறவையும் தம்பியின் ராச்சியத்தையும் எரிக்கத் துணிந்த ஒருவனை வெறும் வில்லனாக எழுதிவிட்டுப் போயிருக்கலாம், கல்கி அப்படிச் செய்யவில்லை. எங்களில் இரண்டு பேர் நாகநந்தி கட்சி. அவன்தான் உண்மையாகக் காதலித்தான் என்பார்கள். நான் அதை ஒத்துக்கொண்டதில்லை, இப்போதும் இல்லை. சிறைவைத்த இடத்தில் போய் நின்று அன்பு என்று சொல்வது அன்பு இல்லை.

சரி, எங்கள் பெரிய சண்டைக்கு வருகிறேன். சிறைபிடித்துக் கொண்டுபோன வாதாபியின் தெருக்களில், சாட்டையடி படும் கைதிகளை விடுவிக்கச் சிவகாமி ஆடுகிறாள். இந்த நகரம் எரிவதைப் பார்க்காமல் இங்கிருந்து போகமாட்டேன் என்று சபதம் செய்கிறாள். பிறகு மாமல்லன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மாறுவேடத்தில் வந்து, வா போவோம் என்று கூப்பிடும்போது வர மறுக்கிறாள். நூலகத்துக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடியில், இடைவேளை மணி அடித்த பிறகும் இதைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்திருக்கிறோம். அவள் போயிருக்கவேண்டும், மானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பக்கம். தெருவில் தன் கண்முன்னே அடிபட்ட சனத்தை விட்டுவிட்டுத் தான் மட்டும் எப்படித் தப்பிப் போவாள் என்று மற்றப் பக்கம். நூலக ரீச்சர் ஒருமுறை வெளியே வந்து, "எடி பிள்ளையள், கதைப்புத்தகத்துக்கு இவ்வளவு கத்தல் என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டு, தானும் ஒரு கல்லில் இருந்துகொண்டு, அவள் போகாதது சரிதான் என்று சொல்லிவிட்டுப் போனா.

அதற்கு மேல் எங்களுக்குக் கதை தெரியாது. மாமல்லன் படையோடு வந்தானா, எவ்வளவு காலம் சென்றது, அவள் எப்படி இருந்தாள், ஒன்றும் தெரியாது. ஊரில் முழுக்கதையும் தெரிந்த பெரியவர்கள் இருந்தார்கள்தான், ஆனால் சொல்லவேண்டாம் என்று காதைப் பொத்திக்கொள்வோம். எப்படியும் புத்தகம் கிடைக்கும் என்று நம்பினோம்.

எங்களோடு வேப்பமரத்தடியில் இருந்த ஒருத்திக்கு அப்போது கல்யாணம் பேசி முற்றாக்கியிருந்தது. மாப்பிள்ளை கிளாலியால் இரவுப் படகில் போய், கொழும்பில் ஏஜென்சிக்காரனிடம் காசு கட்டி, எங்கெங்கோ நாடுகளில் நின்று நின்று ஒருவழியாக ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தார். கிளாலி என்றால் என்ன என்று அந்தக் காலத்துக்காரருக்குத் தெரியும், நிலவு இல்லாத இரவாகப் பார்த்து, கடலேரியில் நேவி நிற்கிறதா என்று கேட்டுக் கேட்டுப் போகும் பயணம், படகோடு செத்த சனம் எத்தனையோ. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று கடிதம் வரும்வரை அவள் சாப்பிட்ட சாப்பாடு சாப்பாடில்லை. கடிதம் வந்த அன்று எங்களுக்கெல்லாம் பனங்கட்டி கொண்டுவந்து தந்தாள். எல்லோரும் ஆபத்து முடிந்துவிட்டது என்று நினைத்தோம். பிறகு கடிதங்கள் மாதத்துக்கு ஒன்று, பிறகு இன்னும் பிந்தி, பிறகு வருடத்தில் எப்போதாவது என்று ஆனது. தபால் போகிற போக்கில் யாரைக் குற்றம் சொல்வது என்று அப்போது தெரியாது.

இடையில் வேறு புத்தகங்களும் வாசித்தோம், வீரகேசரிப் பிரசுரமாக 70களில் வந்த நம்மவர் நாவல்கள். செங்கை ஆழியானின் வாடைக்காற்று நெடுந்தீவுக் கரையில், வாடை பெயர்கிற காலத்தில் நடக்கிற கதை. 1978இல் படமாகவும் வந்தது, அம்மா அதைத் தியேட்டரில் பார்த்ததை இன்னும் சொல்லுவா. பாலமனோகரனின் நிலக்கிளியில் வரும் தண்ணிமுறிப்புக் காட்டுப் பெண் பதஞ்சலியை எனக்குச் சிவகாமியளவுக்குப் பிடிக்கும். இவற்றில் அரசகுமாரர் கிடையாது, கடலும் காடும் ஏழ்மையும்தான் ஆபத்து. இவற்றைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும், இங்கே இடம் போதாது.

சண்டையால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு மழைக்குள் நாவற்குழிப் பக்கமாக நடந்தபோது எங்கள் பைகளில் உடுப்பும் சான்றிதழ்களும் அரிசியும்தான் இருந்தன. பைண்ட் பண்ணின கட்டுகள் எல்லாம் வீட்டில். திரும்பிப் போனவர்கள் அவற்றைக் காணவில்லை. எங்கள் கூட்டமும் அந்த இரவோடு கலைந்தது, சாவகச்சேரி, வன்னி, கொழும்பு, பிறகு உலகம் முழுக்க.

நான்காம் பாகத்தை நான் வாசித்தது ரொறன்ரோவில், பொது நூலகத்தின் தமிழ்த் தட்டிலிருந்து எடுத்து, வேலைக்குப் போகும் பஸ்ஸில். அதன் பெயர் சிதைந்த கனவு. ஒன்பது வருடம் கழித்து மாமல்லன் போகிறான், வாதாபியை எரிக்கிறான், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான். அதற்குள் தகப்பனின் கடைசி வேண்டுகோளுக்குத் தலையாட்டி, பாண்டிய இளவரசியைக் கல்யாணம் செய்து, பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். காஞ்சிக்குத் திரும்பி வந்த சிவகாமி, தெருவில் போகிற ஊர்வலத்தில் சக்கரவர்த்திக்குப் பக்கத்தில் மகாராணியையும் பிள்ளைகளையும் காண்கிறாள். பஸ்ஸில் நான் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. முற்றுகை அவர்களைப் பிரிக்கவில்லை, வெள்ளம் சேர்த்துத்தான் வைத்தது, புலிகேசியின் சிறைகூட அவன் வந்து கூப்பிடுகிற அளவுக்குத்தான் தூரம். பிரித்தது அந்த ஒன்பது வருடம். ஒருவரும் யாரையும் ஏமாற்றவில்லை, அங்கே அவள் நாளை எண்ணிக்கொண்டிருக்க இங்கே அவனுக்கு நாள் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பனங்கட்டி தந்த என் சிநேகிதியின் கடிதங்களை நினைத்து அன்றைக்கு நான் அழுதேன். அவளுடைய ஆளும் கெட்டவர் இல்லை. அகதிக் கோரிக்கை, வழக்கு, கடன், தங்கைமாரின் சீதனம் என்று வருடங்கள் போய், ஒரு நாள் பக்கத்தில் இருந்த யாரையோ கல்யாணம் செய்துகொண்டார். அவள் பிறகு கல்யாணமே செய்யவில்லை, ஊரில் ரீச்சராக இருக்கிறாள். இதை எழுத அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

கல்கி மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. கடைசியில் அவளை ஏகாம்பரநாதர் சந்நிதியில் கொண்டுபோய் நிறுத்தி, அப்பரின் தேவாரத்துக்கு ஆடவைத்து, தலைவன் தாளே கதி என்று முடித்துவிட்டார். அழகான முடிவுதான், மாமல்லன் நின்று பார்த்துக் கண்கலங்கும் இடத்தில் நானும் கலங்கினேன். ஆனால் அவளுடைய கோபம் எங்கே போனது? அவ்வளவு ரோஷக்காரப் பெண் ஒரு வார்த்தை கேட்காமல் போவாளா?

போன வருட ஒன்றுகூடலில், சாப்பாடு முடிந்து சிலர் மட்டும் மேசையில் மிஞ்சியபோது இதைச் சொன்னேன், உடனே பழைய வேப்பமரத்தடிச் சண்டை தொடங்கிவிட்டது. மாமல்லன் தகப்பனுக்குச் சம்மதம் சொன்னது பிழை என்று நான் சொல்ல, நாடு இருக்கிற நிலையில் வேறு என்ன செய்வான் என்று இன்னொருத்தி சொல்ல, அதுவரை பேசாமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர், எங்களுக்கு ஒரு வகுப்பு மேல், அவவும் அந்தப் புத்தகம் படித்தவதான், கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னா: "நீங்கள் எல்லாரும் சிவகாமியைப் பற்றியே கதைக்கிறீங்கள். நான் கட்டினவரும் ஊரில ஒரு பிள்ளைக்குச் சொல்லிப்போட்டு வந்தவர்தான். எனக்குக் கல்யாணத்துக்கு முதலே தெரியும். அந்தப் பிள்ளையின்ர கடிதம் எல்லாம் வீட்டில ஒரு பெட்டியில இருக்கு, நான் எறியவும் இல்லை, வாசிக்கவும் இல்லை. அந்த மகாராணி எப்படி இருந்திருப்பா எண்டு உங்களில ஒராள் எண்டாலும் யோசிச்சீங்களா?"

உண்மையில் நாங்கள் யாரும் யோசித்ததில்லை. வானமாதேவி வரும் பக்கங்களைச் சிவகாமிக்காக ஓடி ஓடித் தாண்டியவர்கள்தான் நாங்கள் எல்லோரும். அந்தப் பாண்டியப் பெண்ணும் போருக்குப் போன புருஷனுக்காகக் காத்திருந்தவள்தான், அதுவும் அவன் யாரை மீட்கப் போயிருக்கிறான் என்று தெரிந்துகொண்டே. அந்த அக்கா சொன்னதிலிருந்து நான்காம் பாகத்தை மறுபடி எடுத்து, இந்த முறை அவளுக்காக வாசித்துக்கொண்டிருக்கிறேன்.