25 ஸ்ட்ரிப் டப்பாதான் எங்களுக்கு மலிவு

அம்மாவுக்குச் சுகர் என்று தெரிந்ததும் அவசரமாக ஒரு குளுக்கோமீட்டர் வாங்கினேன். மீட்டரின் விலையை மட்டும்தான் பார்த்தேன். தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. மீட்டர் ஒரு தடவைச் செலவு, ரத்தத்தைத் தொட்டு மீட்டரில் பார்க்கும் ஸ்ட்ரிப் தீரத் தீர வாங்க வேண்டியது. அதுவும் அந்த மீட்டருக்கென்று உள்ள ஸ்ட்ரிப்பைத்தான் வாங்கியாக வேண்டும். மீட்டரைச் சல்லிசாகக் கொடுத்துவிட்டு ஸ்ட்ரிப்பில் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது இரண்டாவது டப்பா வாங்கப் போனபோதுதான் உறைத்தது.

விலை போதாதென்று வீணாவது வேறு. அந்த மீட்டர் 1 மைக்ரோ லிட்டர் ரத்தம் கேட்கும். கேட்டால் கடுகளவுதான், ஆனால் அம்மாவின் விரல் காலையில் சில்லிட்டுக் கிடக்கும். ஊசி குத்தி, அழுத்தி, ஒரு துளி திரண்டு வரும். ஸ்ட்ரிப்பின் நுனியை அதில் தொட்டால் பாதிவரை சிவப்பு ஏறி அப்படியே நிற்கும். மீட்டர் ‘எர்ரர்’ காட்டும். அம்மா ஒன்றும் சொல்லாமல் அடுத்த விரலை நீட்டுவார். பத்தில் இரண்டு மூன்று இப்படிப் போனது. அந்த இரண்டு மூன்றின் விலையை மீதி ஸ்ட்ரிப்களின் தலையில் ஏற்றிப் பார்த்தபோது மீட்டரையே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

புதிதாக வாங்கியதற்கு 0.5 மைக்ரோ லிட்டர் போதும். துளி பற்றாவிட்டால் சில விநாடிக்குள் இன்னொரு துளியையும் சேர்க்கலாம். ஸ்ட்ரிப் விலை பழையதில் ஏறக்குறைய பாதி. முதல் இரண்டு வாரம் வெறும் வயிற்றில் 120, 130 என்று காட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது வாரம் 158. இரண்டு நாள் கழித்து 172. அதே சாப்பாடு, அதே மாத்திரை. “மலிவா வாங்கினா இப்படித்தான்” என்றான் தம்பி. எனக்கும் அப்படித்தான் பட்டது. டப்பாவைத் தூக்கிப் போடாத குறை.

அப்போதுதான் மீட்டரோடு வந்த தாளை முழுசாகப் படித்தேன். அதில் கண்ட்ரோல் சொல்யூஷன் என்று ஒன்றைச் சொல்லியிருந்தார்கள். குளுக்கோஸ் அளவு முன்பே தெரிந்த ஒரு திரவம். ரத்தத்துக்குப் பதில் அதில் ஒரு துளியைத் தொட்டு வைத்தால், ஸ்ட்ரிப் டப்பாவின் லேபிளில் அச்சிட்ட இரண்டு எண்களுக்கு நடுவில் விடை வர வேண்டும். வாங்கி வந்து, நன்றாகக் குலுக்கி, தொட்டு வைத்தேன். லேபிளில் 96 முதல் 144 வரை என்று இருந்தது. மீட்டர் 169 என்றது.

தம்பி சொன்னது சரிதான் என்று நினைத்தபோது ஒன்று ஞாபகம் வந்தது. வெளியூர் போனபோது எடுத்துப்போக வசதியாக இருக்கட்டுமே என்று, ஸ்ட்ரிப்களை அதன் டப்பாவிலிருந்து கொட்டி, ஊசிகளோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டிருந்தேன். ஸ்ட்ரிப்பின் நுனியில் இருப்பது ஒரு நொதி. ஈரக்காற்று பட்டால் அது கெடும். கெட்டால் கூட்டியும் காட்டும், குறைத்தும் காட்டும். ஒரிஜினல் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்திருப்பது அதற்குத்தான். அதே பிராண்டில் புது டப்பா வாங்கிச் சோதித்தேன். 121. மலிவு ஸ்ட்ரிப் மேல் பழி போட்டது அநியாயம், கெடுத்தது நான். நல்லவேளை, அந்த எண்களை எடுத்துக்கொண்டு மாத்திரையைக் கூட்டச் சொல்லி டாக்டரிடம் போகவில்லை.

ஆனாலும் ரத்தத்தில் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்காமல் மனசு ஆறவில்லை. அடுத்த தடவை வெறும் வயிற்றில் லேப் டெஸ்டுக்குப் போனபோது மீட்டரையும் கொண்டுபோனேன். நரம்பில் ரத்தம் எடுத்த கையோடு விரலிலும் குத்திப் பார்த்தோம். மீட்டரில் 131, லேபில் 122. இந்த வித்தியாசம் ஒன்றுமில்லை. குளுக்கோமீட்டர்களுக்கென்று உள்ள சர்வதேசத் தரமான 2013ஆம் ஆண்டின் ஐ.எஸ்.ஓ. 15197படி, 100க்கு மேல் இருந்தால் 15 சதவீதமும், 100க்குக் கீழே 15 மி.கி.யும் கூடக் குறைய இருக்கலாம், நூற்றில் 95 அளவீடுகள் அதற்குள் வந்தால் போதும். 122க்கு என்றால் 104 முதல் 140 வரை. சாப்பிட்ட பிறகு இப்படி ஒப்பிட்டால் குழம்பிவிடுவோம். அப்போது விரல் ரத்தத்தில் சுகர் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். இப்போது எந்த ஸ்ட்ரிப்பைப் பார்த்தாலும் அட்டையில் இந்தத் தர எண் இருக்கிறதா என்று முதலில் தேடுகிறேன். அம்மாவுக்குக் கொஞ்சம் ரத்த சோகையும் உண்டு என்பதால் ‘ஹிமாட்டோகிரிட்’ (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) வரம்பையும் பார்ப்பேன். அந்த வரம்புக்குக் கீழே போனால் மீட்டர் பொதுவாகக் கூட்டிக் காட்டும்.

அப்புறம் டப்பா கணக்கு. 50 ஸ்ட்ரிப் டப்பாதான் ஒன்றுக்கு இவ்வளவு என்று பார்த்தால் மலிவு. ஆனால் எங்கள் ஸ்ட்ரிப்பைத் திறந்த 90 நாளுக்குள் தீர்க்க வேண்டும். சில பிராண்டில் 6 மாதம்கூட உண்டு, லேபிளைப் பார்க்க வேண்டும். டாக்டர் அம்மாவுக்குச் சொன்னது வாரம் மூன்று தடவை. 13 வாரத்துக்கு 39. மீதி 11 குப்பைக்குத்தான். 25 ஸ்ட்ரிப் டப்பாவில் ஒன்றுகூட வீணாவதில்லை. தினமும் இரண்டு மூன்று தடவை பார்ப்பவர்களுக்கு 50 சரியாக வரும்.

கடைசியாக ஒரு கலவரம். போன வாரம் திடீரென்று 214. கண்ட்ரோல் சொல்யூஷனை எடுக்க எழுந்தேன். “இரு, பழம் உரிச்ச கை” என்றார் அம்மா. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மறுபடி குத்தியதில் 126. ஒரு ஸ்ட்ரிப் போச்சு.