வாரிசுச் சான்றிதழும் லூக்கா 18-ம் அதிகாரமும்

வாரிசுச் சான்றிதழுக்கு அலையப் போகிறவர்கள், முதலில் இறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். என் மாமனார் பெயர் ‘ஞா’வில் ஆரம்பிக்கும். அதனால் இறந்துபோன என் கணவருக்கு ஆதாரில் இனிஷியல் ‘ஜி’ (G). ஆஸ்பத்திரியிலிருந்து போன தகவலில் அது ‘என்’ (N) ஆகிவிட்டது, இறப்புச் சான்றிதழிலும் அப்படியே ஏறிவிட்டது.

இ-சேவை மையத்தில் பதிவு, வி.ஏ.ஓ. விசாரணை எல்லாம் சிக்கலில்லாமல் நடந்தன. அப்புறம் விண்ணப்பம் ஆர்.ஐ.யிடம் (வருவாய் ஆய்வாளர்) போய் நின்றது, நிராகரிக்கப்பட்டது. காரணம் கேட்கப் போனால் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, “ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு நான் எப்படிம்மா நம்புறது?” என்றார். இருபது வருஷம் கூட வாழ்ந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது!

திருத்தத்துக்கு மாநகராட்சிக்குப் போனேன், ஆஸ்பத்திரிக் கடிதம் வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு பார்க்கிறவர் லீவு. திரும்பவும் லீவு.

அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் எல்லோரும் எனக்கு பைபிளிலிருந்து ஏசாயா 41:10 அனுப்பினார்கள். ‘நீ பயப்படாதே.’ நல்ல வசனம்தான், ஆனால் பஸ் ஸ்டாண்டில் வெறுங்கையோடு நிற்கும்போது உள்ளே இறங்கவில்லை. என்னைத் தூக்கி நிறுத்தியது லூக்கா 18-ல் வரும் விதவை. தேவனுக்கும் பயப்படாத, மனுஷரையும் மதிக்காத நியாயாதிபதியிடம் அவள் போய்க்கொண்டே இருந்தாள். கண்ணீர் விட்டதாகக்கூட எழுதியில்லை. கேட்டாள், மறுபடியும் கேட்டாள், அவ்வளவுதான். இவள் தொந்தரவு தாங்காமல்தான் அவன் நியாயம் செய்தான்.

பைபிளில் எனக்குத் துணையாக வந்த இன்னொருவர், இடிந்த எருசலேம் மதிலைக் கட்டப் போன நெகேமியா. ராஜா ‘என்ன வேண்டும்’ என்று கேட்டதும் அந்த இடத்திலேயே ஜெபம் செய்துவிட்டு, அடுத்து அவர் கேட்டது கடிதங்கள்! நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்கு ஒன்று, மரம் தரச் சொல்லி வனக்காவலன் ஆசாப்புக்கு ஒன்று. வாய்வார்த்தையை நம்பி அவர் எருசலேமுக்குக் கிளம்பவில்லை.

நானும் எழுத ஆரம்பித்தேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கினேன். பதிவேட்டில் பிழை இருந்தால் திருத்த 1969-ம் வருஷப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-வது பிரிவு இடம் தருகிறது. மனுவில் அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள், பேசுகிற தொனியே மாறும். அதற்கும் மசியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். எனக்கு அதுவரை போகவில்லை.

மனு ரசீதைக் காட்டியதும் ஆஸ்பத்திரியில் கடிதம் அன்றைக்கே கிடைத்தது. இனிஷியல் திருத்தி வந்தது. புதிதாக விண்ணப்பித்துவிட்டு தாலுகா ஆபீசில் நின்றபோது அதே குமாஸ்தா பக்கத்து சீட்டிடம், “இந்தம்மா ஃபைலை முதல்ல முடிச்சு விடுங்க, வந்து வந்து உயிரை எடுக்குது” என்றார். நியாயாதிபதி சொன்னதும் கிட்டத்தட்ட இதுவேதான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சான்றிதழ் வந்ததும் நாலைந்து பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேங்க், பென்ஷன், ஈபி கனெக்‌ஷன் பெயர் மாற்றம் என்று எல்லோரும் ஆளுக்கொன்று கேட்பார்கள். பேங்கில் மேனேஜர் லீவாம். திங்கட்கிழமை போகிறேன், மனுவோடு.